பசை விட்டுப்போன ஃப்ளெக்ஸ்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி

ஃப்ளெக்ஸ் எனப்படும் வளையும் சர்க்யூட்டில் ஒட்டு விட்டுப்போனால் முதலில் பழி விழுவது பசையின் மேல்தான். வேறு பசை வாங்கிப் போடுவார்கள், சில மாதம் நன்றாக ஓடும், அப்புறம் அதே இடத்தில் அதே கோளாறு. பல சமயம் பசையில் குறை இருப்பதில்லை. பசைக்குள் நீர் எந்த வழியாகப் புகுந்தது, அந்த நீர் உள்ளே இருக்கும்போது எவ்வளவு சூடு ஏறியது என்பதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். வெப்பமும் ஈரமும் தனித்தனியாக வந்தால் பெரும்பாலான பசைகள் தாங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வரும்போது கதை வேறு. எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது, எதைச் செய்து பார்ப்பது என்பதை என் மேசையில் நான் பின்பற்றும் வரிசையிலேயே சொல்கிறேன்.

எதையும் உரிப்பதற்கு முன்

கோளாறான துண்டு கைக்கு வந்ததும் ஓரத்தைப் பிடித்து உரித்துப் பார்க்கத்தான் மனம் போகும். கொஞ்சம் பொறுங்கள். உரித்துவிட்டால் பாதிச் சாட்சி போய்விடும்.

முதலில் ஒட்டின் மின்தடையை நான்கு முனை முறையில் அளந்து எழுதி வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனை அளவீட்டில் ஒயரின் தடையும் சேர்ந்துவிடுவதால், சில மில்லிஓம் ஏறியிருப்பது தெரியாது. அப்புறம் துண்டை 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒரு நாள் வையுங்கள். அந்தச் சூடு தாங்காத பாகம் ஏதாவது இருந்தால், புது சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடிய டப்பாவில் பல நாள் வைக்க வேண்டியிருக்கும். வெளியே எடுத்து, அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு, அதே முனைகளில் மறுபடி அளந்து பாருங்கள்.

மின்தடை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால், நீர் பசைக்குள் உட்கார்ந்து அதை ஊதவைத்து இளக்கியிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பவே இல்லையென்றால் ஏதோ ஒன்று அழிந்துவிட்டது: பசை உலோகத்தை விட்டு விலகியிருக்கும், உலோகம் ஆக்சைடு ஆகியிருக்கும், அல்லது பசையின் மூலக்கூறுச் சங்கிலியையே நீர் அறுத்திருக்கும். பாதி திரும்பினால் இரண்டும் நடந்திருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. இதைச் செய்யாமல் பசையை மாற்றுவது இருட்டில் கல் எறிவதுதான். ஆனால் உலர்ந்ததும் சரியாகிவிட்டது என்பதால் அந்த ஒட்டு நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் மறுபடி வரும்போது கோளாறும் வரும், ஒவ்வொரு முறையும் திரும்பாத பங்கு கொஞ்சம் கூடும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குச் சில எண்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஃப்ளெக்ஸின் அடித்தளமான பாலிஇமைடு படலம் தண்ணீரில் ஒரு நாள் கிடந்தால் தன் எடையில் சுமார் 2.8 சதவீதம் வரை நீர் குடிக்கும். அதே வேலைக்குப் பயன்படும் திரவப்படிகப் பாலிமர் படலம் 0.04 சதவீதத்தை ஒட்டித்தான் குடிக்கும். காப்பரையும் படலத்தையும் சேர்க்கும் அக்ரிலிக் பசை பாலிஇமைடைவிடவும் தாகம் கொண்டது. இன்னொரு வகைப் பசையான எபாக்ஸி ஒவ்வொரு சதவீதம் நீர் குடிக்கும்போதும், அது கெட்டியிலிருந்து ரப்பர் போல இளகும் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 20 டிகிரி இறங்கிவிடும். டி.ஜி. என்று தகவல் தாளில் போட்டிருப்பது இந்த வெப்பநிலைதான். அங்கே 100 டிகிரி என்று இருந்தால் அது உலர்ந்த பசையின் கணக்கு. இரண்டு சதவீதம் நீர் குடித்த அதே பசை 60 முதல் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கலாம். மூடிய கருவியின் உட்புறம் அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வமில்லை.

ரீஃப்ளோ முடிந்ததும் கொப்புளம்

ரீஃப்ளோ என்பது சால்டரை உருக்கிப் பாகங்களை ஒட்ட ஓவனுக்குள் அனுப்புவது. அந்த ஓவனுக்குள் தட்டையாகப் போன ஃப்ளெக்ஸ், வெளியே வரும்போது கவர்லேயின் (தடங்களை மூடும் மேல் படலத்தின்) கீழே கொப்புளத்தோடு வருகிறது. சில சமயம் ஸ்டிஃப்னர் (ஃப்ளெக்ஸை விறைப்பாக்கும் தகடு) ஒட்டிய இடத்தில் மேடு தெரியும். இதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை, உள்ளே இருந்த நீர் ஆவியாகி வெடித்திருக்கிறது. ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியை ஒட்டி உருகும், ரீஃப்ளோவின் உச்சம் 240 முதல் 250 டிகிரி வரை போகும். 250 டிகிரியில் நீரின் நிறைவுற்ற ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த நேரத்தில் பசையோ இளகிப்போய்க் கிடக்கிறது. உள்ளிருந்து தள்ளும் விசை உச்சத்தில் இருக்கும் நொடியில்தான் பிடித்துக்கொள்ளும் வலு அடிமட்டத்தில் இருக்கிறது.

தீர்வு எல்லோரும் அறிந்ததுதான்: சால்டருக்கு முன் பேக் செய்வது, அதாவது ஓவன் சூட்டில் வைத்து உலர்த்துவது. 120 டிகிரியில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் என்பது வழக்கமான தொடக்கம். "பேக் செய்தோம், அப்படியும் கொப்புளம் வருகிறது" என்பவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பேக் முடிந்து எவ்வளவு நேரம் கழித்து ரீஃப்ளோவுக்குள் போனது? 25 மைக்ரான் பாலிஇமைடு படலம் அறை வெப்பநிலையில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நீரைத் திரும்பக் குடித்துவிடும். காலையில் பேக் செய்து மாலையில் சால்டர் செய்தால் பேக் செய்ததன் பலன் பெரும்பாலும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே பயன்படுத்த முடியாவிட்டால் ஈரம் தடுக்கும் பையில் உலர்த்தியோடு போட்டு மூடுங்கள்.

இரண்டாவது, கொப்புளம் எங்கே வருகிறது? பெரிய முழுக் காப்பர் பரப்பின் மேலேயே வருகிறது என்றால் அங்கேதான் விடை இருக்கிறது. காப்பர் வழியாக நீர் போகாது. பரப்பின் நடுவில் சிக்கிய நீர் ஓரம் வரை பக்கவாட்டில் ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். ஊடுருவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும். 25 மைக்ரானுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், அதே வேகத்தில் 1 மில்லிமீட்டருக்கு அதைப் போல 1,600 மடங்கு, அதாவது மூன்று மாதத்துக்கு மேல். ஓவன் சூட்டில் ஊடுருவல் வேகம் பல மடங்கு கூடும்தான். ஆனாலும் அகலமான காப்பரின் கீழே இரண்டு மணி நேர பேக் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். பேக் நேரத்தைக் கூட்டுங்கள். அடுத்த வடிவமைப்பில் முழுப் பரப்புக்குப் பதில் வலை போன்ற காப்பர் போட முடியுமா என்று கேளுங்கள். நீர் வெளியேற அது வழிவிடும்.

மூன்றாவது, அடுக்கி வைத்து பேக் செய்தீர்களா? ஒன்றின் மேல் ஒன்றாக இருபது தாள் வைத்தால் நடுவில் இருப்பவை உலர்வதே இல்லை. தனித்தனியாகத் தட்டில் பரப்புங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சால்டர் பிடிக்கும் காப்பர் பட்டைகளில், காப்பர் ஆக்சைடு ஆகாமல் காக்கும் மெல்லிய கரிமப் பூச்சு மட்டும் இருந்தால் நீண்ட பேக் அந்தப் பூச்சைக் கெடுத்து, சால்டர் பிடிக்காமல் செய்துவிடும். அந்த மாதிரிப் பலகைக்கு நேரத்தையும் சூட்டையும் கூட்டுவதற்கு முன் ஒரு துண்டில் செய்து பாருங்கள்.

ஈரமான நாளில் திரையில் கோடு விழுகிறது, அழுத்தினால் சரியாகிறது

நான் அதிக நேரம் செலவழித்த அறிகுறி இது, கவனமாகப் படித்தால் அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான். கண்ணாடித் திரையையும் ஃப்ளெக்ஸையும் இணைப்பது பெரும்பாலும் ஏ.சி.எஃப். படலம், அதாவது ஒரு திசையில் மட்டும் மின்சாரம் கடத்தும் பசைப் படலம். எபாக்ஸி அல்லது அக்ரிலிக் பசைக்குள் சில மைக்ரான் விட்டமுள்ள உருண்டைகள் தூவியிருக்கும், பிளாஸ்டிக் உருண்டைக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் தங்கம். சூடான தலையால் சில நொடிகள் அழுத்தும்போது மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் நடுவில் உருண்டைகள் நசுங்கி மாட்டிக்கொள்ளும். மின்சாரம் அவை வழியாக மேலும் கீழும் மட்டும் போகும், பக்கவாட்டில் போகாது.

இங்கே சால்டர் மாதிரி உலோகம் உருகிச் சேர்வது எதுவும் இல்லை. உருண்டை பட்டையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தொட்டபடி வைத்திருப்பது, இறுகும்போது சுருங்கிய பசையின் இழுவிசை. பசை நீர் குடித்து ஊதினால் அந்த இழுவிசை தளரும். சூடேறினால் பசை விரியும், டி.ஜி.யைத் தாண்டினால் அதன் விறைப்பு பல பத்து மடங்கு விழுந்துவிடும். உருண்டைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான இடைவெளி விழுந்தாலே போதும், திரையில் ஒரு வரிசை இயங்காமல் கோடாகத் தெரியும்.

நசுங்கிய நிலையைக் கண்ணாடியின் பின்புறத்திலிருந்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். சாய்ந்த ஒளி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு உருண்டையும் பட்டையில் பதித்த தடம் சின்னக் குமிழ் மாதிரி நிழலோடு தெரியும். அந்தத் தடங்கள் ஒரு பட்டையில் எத்தனை இருக்கின்றன, அவை எல்லாப் பட்டையிலும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒரு முனையில் தெளிவாகவும் மறு முனையில் மங்கலாகவும் இருந்தால், அழுத்திய தலை சாய்ந்திருந்தது. மங்கலான பக்கத்தில்தான் ஈரம் முதலில் வேலையைக் காட்டும். தடமே இல்லாமல் உருண்டை முழு வட்டமாக நின்றால் அழுத்தம் போதவில்லை. உருண்டையின் மேல் தோல் கிழிந்து சிதறியிருந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது, அந்தப் பிளாஸ்டிக்குக்கு இனி மீளும் சக்தி இருக்காது. இடைவெளி கொஞ்சம் விரிந்தாலும் தானும் எழும்பித் தொடர்பை விடாமல் வைத்துக்கொள்வதற்காகத்தான் உருண்டையின் உள்ளே பிளாஸ்டிக்கை வைக்கிறார்கள்.

வெப்பமா ஈரமா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. உலர்த்திய ஒட்டின் மேல் மிதமான சூடான காற்றைக் காட்டுங்கள். சில நொடிகளிலேயே கோடு விழுந்து, ஆறியதும் மறைந்தால் அது வெப்ப விரிவு. பசை முழுதாக இறுகவில்லை என்ற சந்தேகமும் எழும். சூட்டுக்கு அசையாமல், ஈரமான பெட்டியில் பல நாள் வைத்த பிறகு மட்டும் விழுந்தால் நீர்தான் காரணம். ரப்பர் நுனியால் லேசாக அழுத்தும்போது கோடு மறைவது இடைவெளி விழுந்ததற்கான அடையாளம். அழுத்தியும் மறையாவிட்டால் பட்டையே அரித்திருக்கலாம், அல்லது மின்சாரம் போகும் காப்பர் தடம் வளைவில் அறுந்திருக்கலாம்.

சரி, என்ன செய்வது? இறுகிய எபாக்ஸியை மறுபடி சூடாக்கி அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் நம்பக்கூடாது. பழைய பசையை முழுக்க நீக்கி, பட்டைகளைத் துடைத்து, புதுப் படலம் போட்டு ஒட்டுவதுதான் முறை. புதுப் படலத்தைக் குளிரிலிருந்து எடுத்தவுடன் உறையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த படலத்தின் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாக இறங்கும், ஒட்டும் சூட்டில் அது ஆவியாகிப் பசைக்குள் குமிழாக மாட்டிக்கொள்ளும். மூடிய உறையோடு அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறங்கள். ஒட்டு முடிந்ததும் ஓரங்களில் ஈரம் தடுக்கும் பூச்சு ஒரு வரி விட்டால் நீர் கடக்க வேண்டிய தூரம் கூடும். இருமடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

வெள்ளிப் பசை ஒட்டில் மின்தடை ஏறிக்கொண்டே போகிறது

வெள்ளித் துகள் கலந்து மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்டிய பாகம். ஒட்டு உறுதியாக இருக்கிறது, இழுத்தால் வரவில்லை, ஆனால் மின்தடை வாரம் தோறும் ஏறுகிறது. உலர்த்தியும் இறங்கவில்லை. இப்போது பாகத்தின் முனையில் என்ன பூச்சு இருக்கிறது என்று பாருங்கள். தகரம் என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். வெள்ளி, தகரம், நடுவில் ஈரம்: ஒரு சின்ன மின்கலம் உருவாகிவிடுகிறது. தகரம் அரிக்கப்பட்டு, மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடாக மாறித் தொடும் இடத்தில் படிகிறது. உலர்ந்த சூட்டில் மட்டும் வைத்த மாதிரியில் இவ்வளவு ஏற்றம் வராது, ஈரச் சூட்டில்தான் வரும். ஜார்ஜியா டெக்கில் சி. பி. வாங் குழுவினர் 1990களின் இறுதியில் இதைத்தான் காட்டினார்கள். அதுவரை வெறும் ஆக்சிஜனேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே நடக்கும் அரிப்பு என்று தெரிந்தது. வெள்ளி அல்லது தங்கப் பூச்சுள்ள பாகத்துக்கு மாறுங்கள், அல்லது தகரத்துக்கென்று அரிப்புத் தடுப்பான் சேர்த்த பசையைத் தேடுங்கள். பசையை இன்னும் அதிகம் தடவுவதால் எந்தப் பயனும் இல்லை.

பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு நடுவில் கசிவு

கசிவு மேற்பரப்பிலா, கவர்லேயின் கீழே பசைக்குள்ளா என்பது முதல் கேள்வி. மெகாஓம் மீட்டரை இணைத்துவிட்டு அந்த இடத்தில் மெதுவாக வாயால் ஊதுங்கள். எண் சில நொடிகளில் சரிந்து, பின் மெல்லத் திரும்பினால் மேற்பரப்பில் அழுக்கு இருக்கிறது: ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவும் பொருள்) எச்சம், கைவிரல் உப்பு. ஊதுவதற்கு அசையாவிட்டால் கசிவு உள்ளே இருக்கிறது.

உள்ளே என்றால் நுண்ணோக்கியில் எதிர்முனைத் தடத்தின் ஓரத்தைப் பாருங்கள். இலை நரம்பு மாதிரி கிளைவிட்டு நேர்முனைத் தடத்தை நோக்கி வளர்ந்த உலோகம் தெரியலாம். நேர்முனையில் உலோகம் கரைந்து, ஈரத்தின் வழியாகப் பயணித்து, எதிர்முனையில் படிந்து வளர்கிறது. வெள்ளி இதில் மிக வேகம். தொலைபேசிக் கருவிகளின் காப்புப் பொருளில் வெள்ளி இப்படி ஊர்வதை பெல் ஆய்வகத்தினர் 1955இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். காப்பரும் செய்யும், கொஞ்சம் மெதுவாக. இதற்கு ஈரம், மின்னழுத்தம், அயனி அழுக்கு மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் நின்றுவிடும். நாம் எளிதாக எடுக்கக்கூடியது அழுக்கு.

ஓரம் தூக்குகிறது, ஸ்டிஃப்னர் நகர்ந்திருக்கிறது

அழுத்தி ஒட்டும் பசைப் பட்டையில் வருவது. மடித்து ஒட்டிய ஃப்ளெக்ஸ் ஸ்பிரிங் போல நிமிரப் பார்க்கும். அந்த விசை சிறியதுதான், ஆனால் ஓயாது. சூட்டில் பசை மெதுவாக ஊர்ந்து ஓரத்திலிருந்து பிரியும். அக்ரிலிக் பட்டை முழு வலுவை எட்ட அறை வெப்பநிலையில் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஒட்டிய அன்றே சூட்டறைக்குள் வைத்தால் தோற்றுத்தான் போகும். மடிப்பின் ஆரத்தைப் பெரிதாக்குங்கள், உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கும் இடம் என்றால் சிலிகான் பசைப் பட்டைக்கு மாறுங்கள்.

சுத்தமாக உரிந்து வருகிறது

இப்போது உரிக்கலாம். உரித்த பின் இரண்டு முகத்தையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தால் பசை நடுவில் கிழிந்திருக்கிறது: இளகிவிட்டது, அல்லது சரியாக இறுகவில்லை. ஒரு பக்கம் பளபளவென்று உலோகம் தெரிந்தால் பிடிப்பே விட்டிருக்கிறது. உலோக ஆக்சைடுக்குப் பசையைவிட நீரின் மேல் பிடிப்பு அதிகம். வாய்ப்புக் கிடைத்தால் நீர் பசையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். ஓரத்திலிருந்து ஒரே அகலத்தில் உள்நோக்கி ஒரு கரை தெரிந்து, கரைக்கு உள்ளே பசை இன்னும் கெட்டியாகப் பிடித்திருந்தால், நீர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அந்தக் கரை அப்படியே காட்டுகிறது. அதை அளந்து, எத்தனை நாளில் வந்தது என்று குறித்துக்கொண்டால் மீதிப் பகுதி எப்போது போகும் என்று கணக்கிடலாம். காப்பர் பழுப்பாகக் கருத்திருந்தால் சூடு ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. பச்சை தெரிந்தால் குளோரைடு அழுக்கைத் தேடுங்கள்.

இதற்கு மருந்து ஒட்டுவதற்கு முன்னால்தான் இருக்கிறது: மேற்பரப்பைத் துடைப்பது, பிளாஸ்மா (மின்னூட்டமுள்ள வாயு) காட்டுவது, உலோகத்தோடு வேதிப் பிணைப்பு தரும் சிலேன் பூச்சு. பிளாஸ்மா காட்டிய பாலிஇமைடு நாள் கணக்கில் வைத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பும், அதனால் அன்றே ஒட்டிவிடுங்கள்.

சின்னதாக இரண்டு

திரையில் ஒளி ஊடுருவும் பசை மேகம் போட்ட மாதிரி வெளுத்துவிட்டதா? சூடான ஈரத்திலிருந்து சட்டென்று குளிருக்கு வந்ததால், பசையில் கரைந்திருந்த நீர் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. மெதுவாக உலரவிட்டால் பெரும்பாலும் தெளியும். தெளியாமல் ஓரத்தில் குமிழ் நின்றால் அது பிரிவு.

பாலியஸ்டர் படலத்தில் செய்த ஃப்ளெக்ஸ் வளைத்ததும் முறிகிறதா? பசையைச் சோதித்து நேரத்தை வீணாக்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து படலத்தின் சங்கிலியையே அறுத்திருக்கின்றன. உலர்த்தினாலும் வராது.

சோதனை அறையில் மட்டும் விழுகிறது, வெளியில் விழுவதில்லை

85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்ற சோதனையைக் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிறார்கள். 85 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்து, ஈரமான ஒரு நாளைப் போலத்தான் என்று நினைத்துவிடக்கூடாது. 85 டிகிரியில் காற்றில் இருக்கும் நீராவியின் அழுத்தம், 25 டிகிரியில் அதே 85 சதவீதத்தில் இருப்பதைப் போல 18 மடங்கு. ஈரத்தால் டி.ஜி. இறங்கிய பசை அங்கே ரப்பராகவே கிடக்கலாம், உங்கள் பொருளோ வாழ்நாள் முழுவதும் அந்த நிலையை எட்டாமல் போகலாம். அப்படியென்றால் அங்கே பார்க்கும் தோல்வி உங்கள் பொருளுக்கு வராத நோய். 60 டிகிரி, 90 சதவீதத்தில் இன்னொரு தொகுதியை வைத்து, இரண்டிலும் விழுந்தவற்றை உரித்து முகங்களை ஒப்பிடுங்கள். ஒன்றில் பசை நடுவில் கிழிந்து, மற்றதில் உலோகத்திலிருந்து பிரிந்திருந்தால், முதல் சோதனையின் மணிக்கணக்கை வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது.

இன்னொன்று, 1,000 மணி நேரம் முடியும் வரை கதவைத் திறக்காமல் இருக்காதீர்கள். 100, 250, 500 மணி நேரத்தில் சில துண்டுகளை வெளியே எடுங்கள். எடுத்ததும் ஒரே கால இடைவெளியில் அளவிடுங்கள், எல்லாத் துண்டுக்கும் முப்பது நிமிடம் என்றால் முப்பது நிமிடம்தான். மெல்லிய படலம் மேசையில் கிடக்கும்போதே உலர்ந்துகொண்டிருக்கும். மதிய இடைவேளைக்கு முன் அளந்த துண்டும் பின் அளந்த துண்டும் ஒரே ஒட்டைப் பற்றி இரண்டு விதமாகப் பேசும். அளந்த பிறகு பாதித் துண்டுகளை உலர்த்தி மறுபடி அளந்து, அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.